யார் வேணாலும் வரட்டும்

1

இந்தக் கதை என் கழுத்து வலியில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான ஒரு தொடக்கம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

குத்துச்சண்டை எனக்கு ஆகாது. இரண்டு பேர் அடித்துக்கொள்வதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்கும் ரகம் நான். ஆனால் பிசியோதெரபி அறையில் தாடைக்கு வார் மாட்டிக் கழுத்தை இழுத்து வைத்திருக்கும்போது தலையைத் திருப்ப முடியாது. காதில் விழுவதை எல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம், முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவருக்கும் ஒத்தடம் கொடுத்த ஊழியருக்கும் வாக்குவாதம்.

"அவனெல்லாம் ஒரு சாம்பியனா? கிழடு கட்டைங்களாப் பாத்துப் பாத்து அடிச்சவன். அந்த நொட்டாங்கைப் பய இருந்த பக்கம் தலை வெச்சுப் படுத்திருப்பானா?"

"கடைசில நொட்டாங்கையையும் அடிச்சான்ல?"

"எப்ப அடிச்சான்? அந்த ஆளுக்குக் கண்ணு போனதுக்கப்புறம்."

என் கண்ணுக்கு நேர் எதிர் மூலையில் ஒரு முதியவர் சுவரில் பதித்த சின்ன மரப்படிகளில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். இறுகிப்போன தோள்பட்டை. திரும்பாமலே சொன்னார்: "தெரியாமப் பேசாதீங்க. அவர் யாருக்கும் பயந்தவர் இல்ல."

"நீங்க யாரு பெரியவரே?"

"அவரோட மச்சான்."

டிரைவர் சிரித்த சிரிப்பில் ஒத்தடப் பை கீழே விழுந்தது.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் அந்த மச்சான் எனக்காக நின்றார். "நீங்க கதை எழுதுறவங்களாமே. எங்க மாப்ள மேல ஒரு பழி இருக்கும்மா. உண்மைய நீங்க எழுதணும்."

"என்ன உண்மை?"

"அவர் யாரையும் ஒதுக்கல. நொட்டாங்கைதான் வர மாட்டேன்னான். அதை எழுதணும்."

எழுத ஒப்புக்கொண்டேன். நீங்கள் படிப்பது அந்தக் கதை அல்ல.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அவன் யாருக்கும் பயந்ததில்லை." (மச்சான் தந்த முதல் வாக்கியம். பயப்படாத ஒருவனைப் பற்றி யாரும் இப்படித் தொடங்க மாட்டார்கள்.)

"ஐஸ் ஃபேக்டரி வாசலில் மலை போல ஓர் உடம்பு" (ஆளுக்கு முன்னால் உடம்பு வந்துவிட்டது. வேண்டாம்.)

"ஹெவிவெயிட் பட்டம் என்பது" (கட்டுரை.)

கடைசியில் மச்சானிடமிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் சாம்பியன் அவரை 'மச்சான்' என்று கூப்பிட, பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட, பத்திரிகைக்காரர்களும் அப்படியே எழுத, மனிதர் ஊருக்கே மச்சான் ஆகிவிட்டார். கல்யாணமே செய்துகொள்ளாத ஒருவரை ஊரே மச்சான் என்று கூப்பிட்டது.

(கதையில் சாம்பியனை 'அவன்' என்றும் மச்சானை 'அவர்' என்றும் எழுதுவதாகத் தீர்மானித்தபோது எனக்கு இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. பிறகு தெரிந்தது. மாற்றத் தோன்றவில்லை.)

3

மச்சான் அப்போது பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. எந்தப் பெட்டியில் கண்ணாடி இருக்கிறது, எதைத் தூக்கிப் போட்டாலும் தாங்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய தங்கைக்கு வந்த வரன், ஐஸ் ஃபேக்டரியில் பாளம் பாளமாகச் சுமந்துகொண்டு மாலையில் குத்துச்சண்டை பழகியவன். பெண் பார்க்க வந்தவன் நாற்காலி முனையில் உட்கார்ந்தான். முழுதாக உட்கார்ந்தால் உடைந்துவிடுமோ என்று பயம். "அந்தப் பயம் எனக்குப் பிடிச்சுது" என்றார் மச்சான். "தங்கச்சி மேல கை நீட்ட மாட்டான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கை நீட்டவில்லை. வீட்டில் பூனை, வெளியில் இடி. ஒவ்வொருவராக விழ விழ அவன் மேலே போனான். பட்டத்துக்கான சண்டைக்கு முன்னால் மச்சான் வேலையை விட்டுவிட்டு அவனுக்கு மேனேஜர் ஆனார்.

அந்தச் சண்டைக்குத் தயாராகும்போதுதான் பயிற்சிக்காக நொட்டாங்கையை அழைத்து வந்தார்கள். பகலில் கூரைத் தகடு அடிக்கிற வேலை பார்த்தவன். இடக்கைக்காரன், எதிர்பார்க்கிற பக்கத்திலிருந்து அவன் குத்து வராது. அன்று கூடத்தில் நான்கே பேர்: இவர்கள் இருவர், பயிற்சியாளர், மூலையில் துண்டுடன் மச்சான்.

நொட்டாங்கையின் இடது கை எப்போது கிளம்பியது என்று யாரும் பார்க்கவில்லை. சாம்பியன் (அப்போது இன்னும் ஆகவில்லை) உட்கார்ந்தான். அப்படித்தான் மச்சான் சொன்னார். விழுந்தான் என்று சொல்லவில்லை. எழுந்து சிரித்தான். நொட்டாங்கையைக் கட்டிப்பிடித்து, "நல்லாப் போட்டே தம்பி" என்றான். பிறகு மச்சானிடம் வந்து கேட்டான்: "வேலைக்குப் போகணுமே, லாரி வந்துடுச்சா?"

ஐஸ் ஃபேக்டரியை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டான். பயிற்சியாளர், "இதெல்லாம் சகஜம்" என்றார். மச்சானுக்குச் சகஜமாகப் படவில்லை. வீட்டில் தங்கை முழுகாமல் இருந்தாள். இனி இந்த மாப்பிள்ளை இருக்கும் மேடையில் அந்த இடது கை ஏறக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பயம். சொல்லாவிட்டால் அது நிர்வாகம்.

(கடைசி இரண்டு வாக்கியங்கள் என்னுடையவை. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.)

4

பட்டம் கிடைத்தது. இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு சாம்பியன் தன்னைவிடப் பலசாலி ஒருவனிடமிருந்து எப்படித் தப்புகிறான்?

மறுத்துத் தப்பிக்க முடியாது. மறுத்தால் பேப்பரில் வந்துவிடும். ஒப்புக்கொண்டே தப்ப வேண்டும். மச்சான் ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டார். இடம் மட்டும் பொருந்தவில்லை. இடம் பொருந்தியபோது நடுவர் பொருந்தவில்லை. நடுவரும் பொருந்தியபோது சாம்பியனுக்கு விலாவில் பிடிப்பு. பிடிப்பு சரியானபோது கிளவுஸ் எந்தக் கம்பெனி என்று ஒரு பிரச்சினை. நொட்டாங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் தலையாட்டத் தலையாட்ட மச்சான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. கடினமான பார்சலை உடையாமல் கொண்டு சேர்த்தவரின் பெருமிதம்.

நடுவில் சாம்பியன் மற்றவர்களோடு மோதினான். ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தொப்பை விழுந்தவர்கள், நல்ல உயரம் இருந்தும் குத்தத் தெரியாதவர்கள். அடித்து முடித்து, மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: "யார் வேணாலும் வரட்டும்!" கூட்டம் கூரையைப் பிய்க்கும்.

வாரத்துக்கு ஒருமுறை தங்கை வீட்டில் மச்சான் சாப்பிட உட்காருவார். கை கழுவும்போது சாம்பியன் கேட்பான்:

"நொட்டாங்கை என்ன சொல்றான் மச்சான்?"

"ஒத்துவர மாட்டேங்கிறான் மாப்ளே. வாய்தான் பெருசு."

"சரி."

இந்தச் 'சரி'யில் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். எழுதிப் பார்த்தேன்: "சரி என்றான் ஏமாற்றத்துடன்." அடித்தேன். "சரி என்றான் அப்பாவியாக." அடித்தேன். "சரி என்று சொல்லிவிட்டுத் துண்டை" அதையும் அடித்தேன். மச்சானிடமே கேட்டேன்: "அவர் எப்படிச் சொன்னார்?"

"எப்படிச் சொல்வாரு? சரின்னு சொன்னாரு. என்னை நம்புனாரும்மா. நான் சொன்னா நம்புவாரு."

5

நொட்டாங்கைக்குச் சண்டையே கிடைக்கவில்லை. அவனை அடித்தால் பெரிய பேரில்லை; அவனிடம் அடி வாங்கினால் பிழைப்பு போச்சு. யார் வருவார்கள்? வயது ஏறியது. கண்ட கண்ட ஊரில், சந்தைக் கொட்டகையில், விதிமுறை இல்லாத மேடைகளில் ஏறினான். அப்படி ஒரு மேடையில் எவனோ ஒருவனின் கட்டைவிரல் அவனுடைய வலது கண்ணில் இறங்கியது.

இது அப்போது யாருக்கும் தெரியாது. மச்சானுக்குத் தெரிந்தது தற்செயலாக. ஒரு மதியம் பஸ் நிலையத்தில் நொட்டாங்கை நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். வலப்பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. நொட்டாங்கை அதைக் கவனிக்கவில்லை. ஹாரன் அடித்த பிறகு தலையை மட்டும் திருப்பாமல், உடம்பையே முழுதாகத் திருப்பி, மூக்கு பஸ்ஸை நேராகப் பார்க்கும்படி நின்று நம்பரைப் படித்தான்.

மச்சான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். இன்னொரு பஸ் வரும்வரை காத்திருந்து பார்த்தார். மறுபடி அதேபோல் உடம்பு முழுதும் திரும்பியது.

மறுநாள் சண்டைக்கு ஒப்புக்கொண்டார். எந்த நிபந்தனையும் போடவில்லை.

டாக்டர் பரிசோதனையில் கண்ணில் குறை இருப்பது தெரியாமலா போகும் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். நொட்டாங்கை எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவன் அந்த மேடைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தான் என்று யோசித்தால் இதில் அதிசயம் இல்லை.

6

சாம்பியனின் இடது கை வீச்சு, எதிரே நிற்பவனுக்கு வலப்பக்கத்திலிருந்து வரும். சண்டையைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் இந்தக் கதைக்குத் தேவையானது இது ஒன்றுதான்.

முதல் ரவுண்டில் நொட்டாங்கை ஆடியதைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நின்றது. இரண்டாவதில் சாம்பியன் இடது கையை வீசினான். நொட்டாங்கை விலகவில்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. குத்து விழுந்த பிறகுதான் திடுக்கிட்டான். சாம்பியன் மறுபடி வீசினான். அதே மாதிரி.

சாம்பியன் நின்றுவிட்டான். கைகள் பாதி இறங்கின. மூலையைப் பார்த்தான்.

"இடது! இடதையே போடு மாப்ளே!" என்று மச்சான் கத்தினார்.

போட்டான். மூன்றாவது ரவுண்டில் முடிந்தது. நொட்டாங்கைக்கு அந்தக் கண் அத்தோடு முழுதாகப் போனது.

உடை மாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் நெருக்கியடித்து நிற்க, சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கட்டுகளைக்கூட அவிழ்க்காமல் கேட்டான்:

"மச்சான், அவன் ஒத்துவர மாட்டேங்கிறான்னு சொன்னீங்களே. அவன் வெளிய என்ன சொல்றான் தெரியுமா? நான் பட்டம் வாங்குன நாள்லேர்ந்து என்கூடச் சண்டை கேட்டுக்கிட்டே இருக்கானாம். என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

மச்சான் பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"என்னைக் கோழையாக்கிட்டீங்களே. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

மறுநாள் பேப்பரில் 'ஏமாற்றப்பட்ட சாம்பியன்' என்று வந்தது. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றான். மச்சான் அன்றிலிருந்து தங்கை வீட்டுக்குப் போகவில்லை. தங்கையின் மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? என் தங்கச்சிக்கு முழு ஆளாப் புருஷன் இருக்கான். பேரப்புள்ளைங்க பேரு ஞாபகம் இருக்கு அவனுக்கு. இந்தத் தொழில்ல எத்தனை பேருக்கு இருக்கு? கெட்ட பேரு எனக்கு வரட்டும்மா. ஆனா அவனையும் சேத்துப் பேசுறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. அவன் பச்சப்புள்ள. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

(இங்கே கதையை முடித்திருக்கலாம். தியாகி மச்சான், அப்பாவி மாப்பிள்ளை. பத்திரிகைகள் வாங்கிப் போட்டிருக்கும்.)

7

நொட்டாங்கையைத் தேடிப் போனேன். மெத்தைக் கடையில் தலையணை உறைக்குள் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய கை, பஞ்சை உள்ளே தள்ளும்போது முழங்கை வரை மறைந்தது. கேட்டதும் தலையைத் தூக்காமல் சொன்னான்:

"அவன் பயந்தான்னு மட்டும் எழுதாதீங்க."

"ஏன்?"

"பயந்தவன்கிட்ட தோத்தேன்னு ஆயிடும்."

பேச்சு அவ்வளவுதான். கிளம்பும்போது, "வேணும்னா அவங்க வீட்டம்மாவக் கேளுங்க. நல்லவங்க. அன்னிக்குத் தண்ணி குடுத்தாங்க" என்றான். என்றைக்கு என்று கேட்பதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாம்பியன் வாசலில் பேரனின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். முடி நரைத்த அழகன். கையில் நடுக்கம் இல்லை, பேச்சில் குழறல் இல்லை. மச்சான் சொன்னது சரி. பார்சல் உடையாமல் வந்து சேர்ந்திருந்தது.

"எல்லாம் மச்சான்தான் பாத்துக்கிட்டாரு மேடம். எனக்கு எதுவும் தெரியாது. அவர் அப்படிப் பண்ணுவாருன்னு நான் நினைக்கல." சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப் போன வாக்கியங்கள்.

தங்கை என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். டீ போடத்தான் என்று நினைத்தேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"எங்க அண்ணன் அனுப்புனாரா?"

"ஆமா."

"தோள்பட்டை எப்படி இருக்கு?"

"சுவத்துப் படியில விரல ஏத்துறார். கை பாதி வரைக்கும் வருது."

பிறகு தானாகவே சொன்னாள்.

"பட்டம் வாங்கி அடுத்த வருஷம் அந்த நொட்டாங்கை இங்க வந்தான். அண்ணன் ஊர்ல இல்ல. வாசல்ல நின்னு, 'அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, எந்த ஊரானாலும் வர்றேன், அவர் சொல்ற நடுவர், அவர் சொல்ற கிளவுஸ், எதுவானாலும் சரி'ன்னான். உக்காருப்பான்னேன். உக்காரல. தண்ணி குடிச்சான். அப்ப இவர் வீட்டுக்குள்ளதான் இருந்தாரு."

"தூங்கிட்டிருந்தாரா?"

"கதவுத் திரைக்குப் பின்னாடி நின்னாரு. பனியனோட. திரைக்குக் கீழ கால் தெரிஞ்சுது. மூச்சுக்கூட விடல. அந்தப் பையனுக்கும் தெரிஞ்சிருக்கும். என் முகத்தைப் பாக்காம, அந்தக் காலையே பாத்துட்டிருந்தான். அப்புறம் சரிக்கான்னுட்டுப் போயிட்டான். இவர் வெளிய வந்து, டீ இருக்கான்னு கேட்டாரு."

வாசலிலிருந்து சைக்கிள் மணி அடிக்கிற சத்தம் வந்தது. பேரன் சிரித்தான்.

"அந்த வாரம் அண்ணன் சாப்பிட வந்தாரு. இவர் கை கழுவிக்கிட்டே கேக்குறாரு, 'நொட்டாங்கை என்ன சொல்றான் மச்சான்?' அண்ணன் சொல்றாரு, ஒத்துவர மாட்டேங்கிறான்னு. நான் குழம்புக் கரண்டியோட நிக்கிறேன். ரெண்டு பேரும் பொய். ரெண்டு பேருக்கும் நடுவுல நான். பட்டம் இருந்த வரைக்கும் வாராவாரம் இதே கூத்துதான்."

"அப்போ உடை மாத்துற அறையில அவர் பேசினது?"

"அது பேப்பர்காரங்களுக்கு."

"அண்ணன்கிட்ட நீங்க சொல்லலையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு எழுதத் தெரியும், குடும்பம் தெரியாது என்று இருந்தது.

"சொன்னா இந்த மனுஷனைப் பத்தி எங்க அண்ணன் என்ன நினைப்பாரு? என் புருஷன் கோழைன்னு என் அண்ணன் நினைக்கிறதைவிட, என் அண்ணன் துரோகின்னு என் புருஷன் நடிக்கிறது எனக்குச் சுலபமா இருந்துச்சு. நான் இந்த வீட்டுல இருக்கணும்ல?"

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். "நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. நான் சொன்னேன்னு மட்டும்" என்று தொடங்கி, "அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

8

ஆக, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சாம்பியன் ஒளிந்தான். மச்சான் அவனை ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அவன் தானே போய் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வெளிச்சம் வந்ததும் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு நல்லவனாக வெளியே வந்தான். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுத வராது.

விடை தெரிந்த பிறகுதான் கதையை எழுத முடியாமல் போனது.

ஒரு முடிவு: ஏழாம் பகுதியை மச்சானுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் அழுகிறார். (எழுதிப் பார்த்தேன். அழுகை நன்றாகவே வந்தது. எனக்குத்தான் அருவருப்பாக இருந்தது.)

இன்னொன்று: அவர் எழுந்து தங்கை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்கிறார். (தோள்பட்டை அந்த உயரத்துக்கு வராது.)

இன்னொன்று: ஏழாம் பகுதியை எடுத்துவிடுகிறேன். அவர் கேட்ட கதை அவருக்குக் கிடைக்கிறது. (இரண்டு நாள் இப்படியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என்னால் அந்தக் காகிதக் கட்டைப் பார்க்க முடியவில்லை.)

கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இஸ்திரிக் கடைக்கு மேல் மாடி. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரிக்கடியில் வைத்துப் படித்தார். பெண் பார்த்த இடத்தில் சிரித்தார். பஸ் நிலையம் வந்தபோது விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. உடை மாற்றும் அறையை இரண்டு தடவை படித்தார். 'பச்சப்புள்ள' என்று அவர் சொன்ன இடத்தில் தலையாட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். 'சமையலறை' என்ற சொல் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"தங்கச்சியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. உங்க தோள்பட்டையக் கேட்டாங்க."

"கேட்டாளா?"

கண்ணாடியைக் கழற்றினார். பக்கங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி என் கையில் கொடுத்தார்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்மா. அவ என்னைக் கேட்டாளே, போதும். மிச்சத்தைப் புஸ்தகமா வந்ததும் படிச்சுக்கிறேன்."

எனக்கு வாய் வரை வந்தது. (வந்தது, திரும்பிப் போனது. இதை இதைவிட நயமாகச் சொல்லலாம், சொல்லப் பிடிக்கவில்லை.)

அவர் படிக்காததை நீங்கள் படித்துவிட்டீர்கள். ஏழாம் பகுதி அச்சில் இருக்கலாமா கூடாதா என்று நான் தீர்மானிக்கப்போவதில்லை. உங்கள் வீட்டில், திரைக்குக் கீழே தெரிந்த ஏதோ ஒரு காலை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; பார்த்துவிட்டு என்ன செய்தீர்களோ, அதையே இங்கேயும் செய்துகொள்ளுங்கள்.

சீக்கிரம் செய்தால் நல்லது. மச்சான் இரண்டு பிரதி கேட்டிருக்கிறார். ஒன்று அவருக்கு. இன்னொன்றின் முதல் பக்கத்தில், தோள்பட்டை வலியில் அவருக்கு எழுத முடியாததால், என்னையே எழுதித் தரச் சொன்னார்: 'மாப்பிள்ளைக்கு, அன்புடன் மச்சான். இனி யாரும் உங்களைத் தப்பாகப் பேச மாட்டார்கள்.'